விதியோடு காரணத்தையும் தாருங்கள்: தையல் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். இந்த மடலை நம் இணையத் தையல் குழுவுக்குள்ளேயே எழுதத்தான் நினைத்தேன். போன மாதம் புது விதிகளைச் சொல்லி நீங்கள் போட்ட அறிவிப்புக்குக் கீழே பதில் எழுத முடியாதபடி மூடிவைத்திருக்கிறீர்கள். தனியாகப் பதிவிடலாம் என்றால், குழுவின் நடைமுறை பற்றிய பதிவுகளை ஏற்பதில்லை என்று 27ஆம் விதி சொல்கிறது. அதனால் வெளியே எழுதுகிறேன். குழுவின் பெயரையும் உங்கள் பெயர்களையும் எங்கும் குறிப்பிடவில்லை. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரியும்.

மாற்றமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 60 பேர் இருந்தபோது ஓடிய மாதிரியே 40,000 பேர் இருக்கும்போதும் ஒரு குழு ஓட வேண்டும் என்று கேட்பது நியாயம் இல்லை. நீங்கள் நான்கு பேர். சம்பளம் கிடையாது. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் இதையும் பார்த்துக்கொள்கிறீர்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் குவியும் விளம்பரக் குப்பையை நாங்கள் கண் விழிப்பதற்குள் கூட்டித் தள்ளியிருப்பீர்கள். கண்ணில் படாததால் அப்படி ஒரு வேலை நடப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. அதற்கு நன்றி சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் குறை ஒன்றுதான். ஐந்து விதிகள் ஒரே இரவில் முப்பத்தொன்று ஆயின. எதற்கும் காரணம் எழுதவில்லை. எங்களில் யாரையும் கேட்கவும் இல்லை.

14ஆம் விதியையே எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகள் உடை அணிந்திருக்கும் படங்களைப் போடக் கூடாது என்கிறது. நம் குழுவில் பாட்டிமார்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பேத்திக்குத் தைத்த முதல் கவுனை அவள் போட்டுக்கொண்டு சுற்றுவதைப் படம் எடுத்து அனுப்புவதுதான் அவர்களில் பலருக்கு மொத்த மகிழ்ச்சியும். விதிகள் வந்த மறுநாள் காலை அவர்களுடைய பழைய படங்கள் எல்லாம் காணாமல் போயிருந்தன. ஒருவர் எனக்குத் தனிச்செய்தியில், "நான் ஏதாவது தப்பாகப் போட்டுவிட்டேனா?" என்று கேட்டிருந்தார். எனக்கும் கோபம்தான் வந்தது. உங்களில் ஒருவரிடம் நேரடியாகக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது: குழுவில் போட்ட ஒரு குழந்தையின் படத்தை யாரோ எடுத்துக்கொண்டுபோய் வேறோர் இடத்தில், சொல்லக் கூசும் வார்த்தைகளோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் குழந்தையின் அம்மா உங்களிடம் அழுதிருக்கிறார்.

அதைக் கேட்ட நொடியிலிருந்து நான் அந்த விதியின் பக்கம். அந்தப் பாட்டியிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உடையை மட்டும் ஹேங்கரில் மாட்டிப் படம் எடுத்துப் போடலாமா?" அவ்வளவுதான், தீர்ந்தது. யார் குழந்தை, எங்கே நடந்தது என்று எதுவும் சொல்லாமலேயே அந்தக் காரணத்தை இரண்டு வரியில் விதிக்குக் கீழே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் 40,000 பேரும் உங்களுக்குக் காவலாக நின்றிருப்பார்கள். எழுதாததால் நீங்கள் நான்கு பேரும் 40,000 பேருக்கும் எதிரே நிற்பது போல ஆகிவிட்டது.

இப்போது நான் சேர்ந்த காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பழைய கதை பேசுவதற்காக இல்லை. எது கைநழுவிப் போகிறது என்று காட்டுவதற்காக.

தையல் பழக வருபவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "துணியின் அடியில் நூல் கூடுகூடாகச் சுருட்டிக்கொள்கிறது, பாபினில் ஏதோ கோளாறு, என்ன செய்வது?" சிக்கல் அடியில் தெரிவதால், அடிநூல் சுற்றிய பாபினைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். கழற்றி மாட்டுவார்கள், துடைப்பார்கள், புது பாபின் வாங்குவார்கள். காரணம் பெரும்பாலும் மேலே இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கீழே இறக்கிவைத்துக்கொண்டு மேல்நூலைக் கோத்திருப்பார்கள். பாதம் இறங்கியிருந்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், நூல் அவற்றின் நடுவே போய் உட்காராது. மேலே பிடிமானம் இல்லாத நூல் அடியில் போய்க் குவியும். பாதத்தைத் தூக்கி, நூலை முழுக்க உருவி, மறுபடி கோத்தால் பத்தில் எட்டு பேருக்குச் சரியாகிவிடும்.

இதற்கு எங்களுக்கு ஓர் அக்கா பதில் சொல்வார். விளக்கம் எழுத மாட்டார். தன் மெஷினின் பாதத்தைத் தூக்கிவைத்து, தட்டுகளுக்கு நடுவே சிவப்பு நூல் போவது தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புவார். ஒவ்வொரு தடவையும் புதுப் படம். கேட்டவரின் மெஷின் எந்த வகையோ அதற்கு ஏற்ற கோணத்தில் எடுப்பார். கீழே "இப்படி இருக்கா பாருங்க" என்று ஒரு வரி. இதெல்லாம் எந்த விதியிலும் எழுதப்படவில்லை. புதிதாக வந்தவருக்கு அரை மணி நேரத்துக்குள் யாராவது பதில் சொல்ல வேண்டும், கேள்வியைக் கேலி செய்யக் கூடாது, முடிந்தவரை படத்தோடு சொல்ல வேண்டும் என்பதை எல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டோம்.

60 பேர் என்றால் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து 1,770 ஜோடிகள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யார் கோபக்காரர், யார் வேடிக்கையாகச் சொன்னார், யாருக்குக் கண் சரியில்லை என்பதெல்லாம் தெரிந்து பேசுவோம். 40,000 பேருக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறக்குறைய 80 கோடி ஜோடிகள். இது பெரிதாகிப்போன பழைய குழு கிடையாது, முற்றிலும் வேறொரு பொருள். பார்த்துப் பழகுவதால் மட்டும் இங்கே எதுவும் நிற்காது என்று நீங்கள் முடிவு செய்ததில் எனக்கு முழு உடன்பாடு உண்டு.

நூல் சுருட்டும் கேள்வி ஒரு நாளைக்குப் பத்து முறை வர ஆரம்பித்தது. அந்த அக்கா ஒரு கட்டத்தில் பதில் சொல்வதை நிறுத்தினார். மற்றவர்கள் "மேலே தேடிப் பாருங்கள்" என்று எழுதத் தொடங்கினோம். நானும் ஒரு பெண்ணுக்கு அப்படி எழுதினேன். அவர் "சரி, மன்னிக்கவும்" என்று ஒரு வார்த்தை போட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் எழுதவில்லை. அவருடைய கணக்கை எத்தனையோ தடவை போய்ப் பார்த்துவிட்டேன். கடைசியாக இருப்பது அந்த "மன்னிக்கவும்"தான். அதனால் புதியவர்கள் வந்து குழுவைக் கெடுத்துவிட்டார்கள் என்று பழையவர்கள் சிலர் பேசும்போது என்னால் தலையாட்ட முடியவில்லை.

இந்தப் பேச்சு இணையத்தின் குழந்தைப் பருவத்திலிருந்தே உண்டு. 1979இல் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்து, அடுத்த ஆண்டு தொடங்கிய யூஸ்நெட் என்ற கணினிவழி உரையாடல் வலையமைப்பில் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு தலைவலி வரும். கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் முதன்முதலாக அதற்குள் வந்து, வழக்கம் தெரியாமல் எழுதித் தள்ளுவார்கள். பழையவர்கள் கொஞ்சம் திட்டுவார்கள், நிறையச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் அடங்கிவிடும். 1993, 94 வாக்கில் ஏஓஎல் போன்ற இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் சந்தாதாரர்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டபோது அந்த அலை ஓயவே இல்லை. 'முடிவில்லாத செப்டம்பர்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெயரில் உள்ள கசப்பு எனக்குப் பிடிப்பதில்லை. வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. முந்தைய செப்டம்பர்களில் வந்த மாணவர்களும் ஒன்றும் தெரியாமல்தான் வந்தார்கள். வித்தியாசம் வேகத்தில் இருந்தது. பத்து பேருக்கு ஒருவர் புதியவர் என்றால் அவர் சுற்றியிருப்பவர்களைப் பார்த்தே பழகிவிடுவார். பத்தில் எட்டு பேர் புதியவர்கள் என்றால் அவர்கள் பார்த்துப் பழகுவது இன்னொரு புதியவரை. நம் குழுவில் ஒரு காணொளி பரவிய அந்த ஒரு வாரத்தில் 9,000 பேர் சேர்ந்தார்களே, அப்போது இதுதான் நடந்தது. அந்த வாரம் புதுச் சேர்க்கையை நான்கு நாள் நிறுத்திவைத்திருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. 1999இல் தொடங்கிய மெட்டாஃபில்டர் என்ற இணைய உரையாடல் தளம் ஒரு காலத்தில் புது உறுப்பினர் சேர்க்கையையே மூடிவைத்திருந்தது. 2004இல் மறுபடி திறந்தபோது ஐந்து டாலர் கட்டணம் வைத்தது. நாம் கட்டணம் வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கதவை மூடுவது, திறப்பது என்ற இரண்டு நிலைக்கு நடுவே பாதி திறந்துவைப்பது என்றும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, உள்ளே வந்தவர்களின் வாயை மூடும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறீர்கள்.

அனுமதி வரிசையைத்தான் சொல்கிறேன். 30 நாளுக்குக் குறைவான உறுப்பினரின் ஒவ்வொரு பதிவும் உங்கள் நால்வரில் ஒருவர் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். சில சொற்கள் இருந்தால் தானாகவே நீக்கப்படும். விளம்பரக்காரர்களைத் தடுக்க வைத்தது என்று புரிகிறது. ஆனால் விக்கிப்பீடியா இதே பாதையில் நடந்து காட்டியிருக்கிறது. 2001இல் தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பாகத் தொகுப்பவர்களின் எண்ணிக்கை 2007இல் உச்சத்துக்குப் போய், பிறகு ஆண்டுக்கணக்கில் சரிந்துகொண்டே வந்தது. ஏன் என்று ஆரன் ஹால்ஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதற்கு முன் வெள்ளம்போல் வந்த கூட்டத்தையும் நாசவேலையையும் சமாளிக்க விதிகளையும் தானியங்கிக் கருவிகளையும் கொண்டுவந்தார்கள். நாசவேலை கட்டுக்குள் வந்தது. கூடவே, நல்ல எண்ணத்தோடு வந்து தெரியாமல் தவறு செய்த புதியவர்களின் முதல் தொகுப்பும் ஒரு சொடுக்கில் தூக்கி எறியப்பட்டது. ஏன் என்று ஒரு மனிதர் சொல்லவில்லை. அவர்கள் திரும்பி வரவில்லை. பிறகு 2012இல் தேநீர்க்கடை என்ற பொருளில் ஓர் இடத்தைத் திறந்தார்கள். புதியவர்கள் கேள்வி கேட்க, பழையவர்கள் மரியாதையோடு பதில் சொல்ல மட்டுமே அந்த இடம். சல்லடை வைத்தது தவறில்லை. சல்லடைக்குப் பக்கத்தில் ஒரு மனிதரை உட்காரவைக்காததுதான் தவறு.

நம் வரிசையில் இன்றைக்கு அந்த மனிதர் இல்லை. நீங்கள் தூங்கும் நேரத்தில் கேட்கப்பட்ட கேள்வி நீங்கள் எழுந்து, வேலைக்குப் போய், திரும்பி வந்து பார்க்கும்வரை கிடக்கிறது. மெஷின் முன்னால் சிக்கிய துணியோடு உட்கார்ந்திருப்பவருக்கு மூன்றாம் நாள் வரும் அனுமதியால் என்ன பயன்?

இன்னொரு பழைய நிகழ்ச்சியும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 1990இல் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் லாம்ப்டாமூ என்று, பலர் கணினிவழியாக ஒன்றுகூடும் எழுத்துவழி உலகத்தை உருவாக்கினார். எழுத்திலேயே அறைகள், எழுத்திலேயே மனிதர்கள். நிர்வாகிகளை மந்திரவாதிகள் என்பார்கள். கூட்டம் பெருகியதும் எல்லாச் சண்டையும் அவர்களிடமே வந்தது. களைத்துப்போய் 1992 இறுதியில், இனி நாங்கள் தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறோம், சமூக முடிவுகள் உங்கள் பாடு என்று அறிவித்து ஒதுங்கினார்கள். சில மாதங்களில் ஓர் உறுப்பினர் மற்றவர்களின் பாத்திரங்களை வைத்துப் பாலியல் வன்முறையை எழுத்தில் அரங்கேற்றினார். என்ன செய்வது என்று முடிவெடுக்க அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. நாள்கணக்கில் விவாதித்தும் முடிவு எட்டவில்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தனியாக முடிவெடுத்து அவரை நீக்கினார். அதற்குப் பிறகுதான் உறுப்பினர்கள் மனுப்போட்டு வாக்களிக்கும் ஏற்பாடு வந்தது. அதுவும் எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. 1996இல் மந்திரவாதிகள் திரும்பிவந்து, சமூக முடிவுகளில் இனி எங்களுக்கும் பங்கு உண்டு என்று அறிவித்தார்கள்.

பொறுப்பை உறுப்பினர்களிடம் எறிந்துவிட்டுப் போங்கள் என்று நான் கேட்காததற்கு இந்தக் கதைதான் காரணம். வாக்கெடுப்பு நடத்தினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது வேறு. ஒதுங்கும்போதும் எழுதிச் சொன்னார்கள், திரும்பும்போதும் எழுதிச் சொன்னார்கள். என்ன முயன்றோம், எங்கே முடியவில்லை, இனி என்ன செய்யப்போகிறோம் என்று எல்லோரும் படிக்கும்படி வைத்தார்கள். அதில் உடன்படாதவர்கள் உண்டு. ஆனாலும் எதனோடு உடன்படவில்லை என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உறுப்பினர்களின் விருப்பத்தை மதிக்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, உறுப்பினர்கள் செய்திகளைப் பகிர்ந்து வாக்களித்த டிக் தளம் ஒன்றே போதும். 2010 ஆகஸ்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினார்கள், பிடிக்காததைக் கீழே தள்ளும் பொத்தானைக்கூட எடுத்துவிட்டார்கள். கோபம் வந்த உறுப்பினர்கள் கூட்டம் கூட்டமாக அதே மாதிரியான ரெடிட் தளத்துக்குப் போனார்கள். அதே ரெடிட்டில் 2023 ஜூனில், வெளிச் செயலிகளுக்கு விதித்த புதுக் கட்டணத்தை எதிர்த்து 8,000க்கும் மேற்பட்ட குழுக்கள் கதவைச் சாத்தின. சாத்தியவர்கள் உங்களைப் போன்ற சம்பளம் இல்லாத நிர்வாகிகள். ஆண்டுக்கணக்கில் உழைத்த இடத்தில் தங்களைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டார்களே என்ற அவர்கள் வலி உங்களைவிட வேறு யாருக்குப் புரியும்? போன மாதம் எங்களுக்கு வந்ததும் அதே வலிதான்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள்.

ஒவ்வொரு விதிக்கும் கீழே காரணத்தை எழுதுங்கள். காரணம் எழுத முடியாத விதி முப்பத்தொன்றில் பாதியாவது இருக்கும் என்று நினைக்கிறேன். எழுதிப் பார்க்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். 19ஆம் விதி ஒரே பதிவில் மூன்று படங்களுக்கு மேல் கூடாது என்கிறது. சட்டையில் கை வைத்துத் தைப்பதை மூன்று படத்தில் காட்டவே முடியாது. தோள்பகுதித் துணியைச் சுருக்கிக் குண்டூசி குத்துவதற்கே இரண்டு படம் வேண்டும். ஒருவேளை உங்களுக்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். தெரிந்தால் வேறு வழி யோசிப்போம்.

எந்த மாற்றத்தையும் இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள், மூன்று மாதத்துக்கு என்று கெடு வைத்துச் செய்யுங்கள். கெடு முடியும்போது நடந்தது என்ன என்று பார்த்து, வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யலாம். முடிவை நீங்களே எடுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. குழந்தை படம் போல உடனே செய்ய வேண்டியவை சில இருக்கும். அவற்றை உடனே செய்துவிட்டு, மறுநாள் காரணம் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த ஒன்பது பேர். நேரடியாக நீக்கிவிட்டீர்கள். அவர்களில் இருவர் விற்பனைக்கு வந்தவர்கள், போகட்டும். மீதி ஏழு பேர் முதல் முறையாகத் தவறியவர்கள். அதுவும் முந்தைய நாள் இரவு வந்த விதியை மறுநாள் காலை மீறியவர்கள். பாசன வாய்க்கால், மீன்பிடிப்பு, காடு, மேய்ச்சல் நிலம் என்று பொதுச்சொத்தை மக்கள் தாங்களே நீண்டகாலம் நிர்வகித்த இடங்களை ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். நிலைத்து நின்ற இடங்களில் எல்லாம் அவர் பார்த்தவற்றில் ஒன்று, தண்டனை படிப்படியாக ஏறுவது. முதல் தடவை ஒரு சொல், அடுத்த தடவை சிறு தண்டனை, திரும்பத் திரும்ப மீறினால்தான் பெரியது. இன்னொன்று, விதிக்குக் கட்டுப்படுகிறவர்களுக்கு அந்த விதியை மாற்றுவதில் ஒரு பங்கு இருப்பது. சச்சரவைச் செலவில்லாமல் சட்டென்று பேசித் தீர்க்க ஓர் இடம் இருப்பதும் அவர் சொன்னதுதான். நம்மிடம் இப்போது மூன்றுமே இல்லை. நீக்கப்பட்டவர் ஏன் என்று கேட்கக்கூட வழி இல்லை, ஏனென்றால் கேட்கும் இடம் குழுவுக்குள் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு அதிகக் கவலை உங்களைப் பற்றித்தான். குழுவைத் தொடங்கியவர் முன்பு ஐந்து நிர்வாகிகளில் ஒருவராக இருந்தார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் விலகிவிட்டார். சாவிகள், கடவுச்சொற்கள், பழைய சண்டைகளில் எடுத்த முடிவுகள் என்று எல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. உங்கள் முப்பத்தொன்று விதிகளில் பல, அவர் போன பின் வந்த பயத்தில் எழுதியவை என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக நினைத்தால் மன்னியுங்கள்.

பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018 ஜூலையில், ஒரு மாற்றத்தைப் பற்றிய கடுமையான வாக்குவாதத்துக்குப் பிறகு தலைமையிலிருந்து விலகினார். அடுத்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டார். அந்தக் கூட்டம் அவசரப்படவில்லை. நிர்வாகம் எப்படி இருக்கலாம் என்று ஆளுக்கொரு திட்டத்தை முழுமையாக எழுதிவைத்தார்கள், மாதக்கணக்கில் பேசினார்கள், டிசம்பரில் அவற்றில் ஒன்றுக்கு வாக்களித்தார்கள். 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட குழு பொறுப்பேற்றது. ஒருவர் தோளில் இருந்த பாரத்தை, அவர் விலகிய பிறகும் கீழே விழாமல் ஐந்து பேர் தோளுக்கு மாற்றினார்கள். நமக்கும் அவ்வளவு நிதானம் வேண்டும். ஐந்தாவது இடத்தை இன்னும் காலியாக வைத்திருக்கிறீர்களே, அதற்கு ஆள் கேட்டு ஒரு வரி போட்டிருந்தாலே பத்து பேர் கை தூக்கியிருப்போம்.

எல்லோருக்கும் முழு அதிகாரம் தர வேண்டியதில்லை. ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் ஒரு காலத்தில் வைத்திருந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். மற்றவர்களின் கருத்துகளை மதிப்பிடும் அதிகாரம் சாதாரண உறுப்பினர்களுக்குச் சுழற்சியில் வரும். ஐந்து புள்ளிகள், மூன்று நாள், அவ்வளவுதான். தான் பேசிய உரையாடலில் தானே மதிப்பிட முடியாது. அந்த உறுப்பினர்களில் யாரும் நிரந்தர நாட்டாமை கிடையாது, பாரமும் ஒருவர் மேலேயே விழாது. நமக்கு அதைவிட எளிய வேலைதான் தேவை: புதியவர்களின் முதல் பதிவை மட்டும் பார்த்து அனுமதிக்கவும், பதில் சொல்லவும் வாரத்துக்கு ஏழு பேர். யாரையும் நீக்கும் அதிகாரம் வேண்டாம். ஒரு மாதம் பார்த்தவர் அடுத்த மாதம் ஓய்வு எடுக்கட்டும். கூடவே ஆரம்பநிலை, சட்டை, திரைச்சீலை, மெஷின் பழுது என்று சிறு அறைகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் ஒருவர் முகம் ஒருவருக்குப் பழக்கமாகும். 40,000 பேர் ஒரே கூடத்தில் நின்று பேச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லையே.

பழைய உறுப்பினர்களே, இந்த மடலை நீங்களும் படிப்பீர்கள். போன வாரம் நம்மில் சிலர் தனியாக ஒரு குழு தொடங்கி, பழையவர்கள் மட்டும் அங்கே போய்விடலாம் என்று பேசினோம். எனக்கும் அழைப்பு வந்தது. நான் போகவில்லை. நாம் போய்விட்டால் இங்கே இருக்கும் புதியவர்களுக்குப் பாதத்தைத் தூக்கச் சொல்லிக்கொடுக்க யார் மிஞ்சுவார்கள்? கோபத்தை நிர்வாகிகளிடம் சொல்லுங்கள், பெயரோடு, மரியாதையோடு. அவர்களை அவமானப்படுத்தி வெளியே பரப்பப்படும் படங்களை நான் பகிர மாட்டேன், நீங்களும் பகிராதீர்கள்.

நிர்வாகிகளே, செவ்வாயும் வெள்ளியும் மாலையில் எனக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். முதல் பதிவுகளைப் பார்க்கும் வேலையை அந்த நேரத்தில் நான் எடுத்துக்கொள்கிறேன். சிவப்பு நூல் அக்காவிடமும் பேசினேன். வாரத்தில் ஒரு நாள் வருகிறேன், ஆனால் பதிவு நாள்கணக்கில் காத்திருக்கும் இடத்தில் என்னால் இருக்க முடியாது என்றார். இன்னும் நான்கு பேர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். பெயர்களை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

சேர்ந்து சில நாளே ஆன ஒருவர் முந்தாநாள் எனக்குத் தனிச்செய்தி அனுப்பினார். பதிவு போட்டு மூன்று நாள் ஆகிறது, வரவே இல்லை, பழைய பதிவொன்றில் உங்கள் பெயரைப் பார்த்தேன், கேட்கலாமா என்று தயங்கித் தயங்கி எழுதியிருந்தார். துணிக்கு அடியில் நூல் சுருட்டிக்கொள்கிறதாம். இரண்டு பாபின் மாற்றிப் பார்த்துவிட்டாராம். என் மெஷினின் பாதத்தைத் தூக்கி, சிவப்பு நூல் கோத்து, படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஒரு படம் திரும்பி வந்தது: நீலத் துணியில் நேராக ஒரு விரற்கடை தையல், அடிப்பக்கமும் திருப்பிக் காட்டியிருந்தார், ஒரு சுருள் இல்லை. இதைக் குழுவில் போட்டால் இன்னொருவருக்கு உதவுமே என்றார். போட்டிருக்கிறார். உங்கள் அனுமதி வரிசையில் இருக்கிறது, பார்த்து அனுமதித்துவிடுங்கள்.

அன்புடன்,
முதல் 60 பேரில் ஓர் உறுப்பினர்